ஆச்சி தின்னாளா? குடும்பமும் அன்பும் பேசும் கதைகளை நெல்லைப் பிள்ளைகளுக்குக் கட்டிச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

பிள்ளைக்கு நீதிக்கதை சொல்ல உட்கார்ந்ததும் பெரும்பாலோர் வாயில் வருவது ஒரே அச்சுதான். ஓர் ஊரில் நல்லவன் ஒருவன், கெட்டவன் ஒருவன். நல்லவன் கிழவிக்கு உதவுவான், ராசா பொற்காசு கொடுப்பார். கெட்டவன் உதவமாட்டான், பாம்பு கடிக்கும். “ஆகவே குழந்தைகளே” என்று கதை முடியும். இதைக் கேட்டு வளரும் பிள்ளை கற்றுக்கொள்வது வியாபாரம்: இரண்டு போட்டால் நாலு வரும். நாலு வராத அன்றைக்கு அது என்ன செய்யும் என்பதைப் பற்றி அந்தக் கதைக்குக் கவலையில்லை.

ராசாவையும் பொற்காசையும் வெளியே அனுப்பிவிட்டு, திருநெல்வேலிச் சீமையில் நம் வீட்டிலும் தெருவிலும் கிடப்பதை வைத்தே கதை கட்டுவது எப்படி என்று இங்கே படிப்படியாகப் பார்க்கலாம். அப்பா அம்மா, தாத்தா ஆச்சி, அங்கன்வாடி டீச்சர், தொடக்கப்பள்ளி வாத்தியார் என்று யாரும் செய்யலாம். எழுத்தாளராக இருக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு விதியை மட்டும் கடைசிவரை கையில் பிடித்துக்கொள்ளுங்கள். கதையில் ஒருவர் அன்பு காட்டினால் அதில் அவருக்கு ஏதாவது செலவாக வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோர இடமோ, ஒரு சாயங்கால விளையாட்டோ, ஒரு கொழுக்கட்டையோ, “நான்தான் உடைச்சேன்” என்று ஒத்துக்கொள்ளும் அந்த வெட்கமோ, எதுவானாலும் சரி. செலவானது திரும்பி வரக்கூடாது.

முதல் படி: வயதைப் பாருங்கள்

மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கதை என்பது திரும்பத் திரும்ப வரும் ஒரு வரி. ஆடு வந்தது, கேட்டது, போனது. கோழி வந்தது, கேட்டது, போனது. மூன்று ஆட்கள், ஐந்து நிமிடம், அவ்வளவு போதும். ஆறு முதல் எட்டு வயது வரை பிள்ளைகள் எண்ணிக்கையிலும் நியாயத்திலும் கெட்டி: “அவனுக்கு ரெண்டு, எனக்கு ஏன் ஒண்ணு?” பங்கு பிரிப்பது, முறை வைப்பது, ஒளித்து வைப்பது, சின்னப் பொய், இவையெல்லாம் அந்த வயதுக்கான சரக்கு. ஒன்பது வயதைத் தாண்டிவிட்டால் இரண்டு நல்லவை மோதும் கதை வேண்டும். தோழியின் ரகசியத்தைக் காப்பாற்றுவதா, அவள் அம்மாவிடம் சொல்வதா? விடை இதுதான் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் இந்த வயதுப் பிள்ளை பாதியில் எழுந்து போய்விடும்.

மூன்று வயதும் ஒன்பது வயதும் ஒரே பாயில் படுத்திருந்தால் பெரியதுக்காகக் கதையைச் சொல்லுங்கள், திரும்ப வரும் வரியைச் சின்னதுக்குக் கொடுத்துவிடுங்கள். அது அந்த வரியைச் சொல்லிக்கொண்டே தூங்கிவிடும்.

இரண்டாம் படி: சரக்கு தேடுங்கள்

“இன்னைக்கு நேர்மையைப் பத்தி ஒரு கதை” என்று பண்பின் பெயரிலிருந்து தொடங்கினால் கதைக்கு உயிர் வராது. வீட்டில் நடந்த ஒரு சின்னச் சண்டையிலிருந்து தொடங்குங்கள். கடைசி முறுக்கு யாருக்கு, ஆச்சி மாத்திரை போட மறந்ததை யார் கவனித்தது, பெரியம்மா வீட்டு அண்ணன் ஏன் சைக்கிளைத் தொடவிடவில்லை. ஒரு பழைய நோட்டில் இவற்றை ஒற்றை வரியாகக் குறித்து வையுங்கள். நேற்றைய சண்டையை இன்றைக்கே கதையாக்கினால் தன்னைத்தான் குத்திக்காட்டுகிறார்கள் என்று பிள்ளை கண்டுபிடித்துவிடும். அதனால் சில நாள் ஊறவிடுங்கள். பிறகு பையனைப் பெண்ணாக்குங்கள், முறுக்கைப் பனங்கிழங்காக்குங்கள்.

நம் பக்கத்து வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. பீடி சுற்றும் அம்மாமார் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அம்மா மடியில் பீடித் தட்டு இருக்கும் நேரமெல்லாம் பிள்ளைக்கு மடி கிடையாது. அந்த ஒரு விஷயத்திலிருந்தே ஒரு கதை கிளம்பும்: தட்டை இறக்கி வைக்கச் சொல்லி அழும் தம்பி, இலை நறுக்கிக் கொடுத்தால் அம்மா சீக்கிரம் எழுந்துவிடுவாள் என்று கணக்குப் போடும் அக்கா. அப்பா சென்னையிலோ மும்பையிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகளுக்கும் கதை வேண்டும். நீதிக்கதைகளில் அப்பா எப்போதும் சாயங்காலம் வீடு திரும்பிவிடுகிறார். வீடியோ காலில் மட்டும் வரும் அப்பாவுக்கு அங்கே இடமே இல்லை. அவரையும் ஒரு கதைக்குள் கொண்டுவாருங்கள்.

அடுத்து ஊர் வழக்கங்கள். சிறுவீட்டுப் பொங்கல் நம்மிடம் இருக்கும் பெரும் புதையல். மார்கழி முழுக்க வாசலில் சாணத்தில் வைத்த பூசணிப் பூக்களை எருவோடு காயவைத்து, தை மாதம் பெண்பிள்ளைகள் மண்ணில் சின்ன வீடு கட்டி, சின்னப் பானையில் பொங்கலிட்டு, அந்தப் பூ எருவை ஆற்றில் விடும் வழக்கம். இதில் இல்லாத கதையா? யார் வீட்டு வாசலில் பூ குறைந்தது, புதிதாகக் குடிவந்த பிள்ளையைச் சிறுவீட்டுக்குள் சேர்ப்பதா வேண்டாமா, மண்வீட்டில் அடுக்களை யாருடையது? பிள்ளைகள் சேர்ந்து ஆக்கும் கூட்டாஞ்சோறும் அப்படித்தான். ஒருத்தி அரிசி, ஒருத்தன் பருப்பு, ஒருத்தி முருங்கைக்கீரை கொண்டுவர, கொண்டுவர வீட்டில் ஒன்றுமில்லாத பிள்ளை வெறுங்கையோடு வந்து நின்றால் என்ன செய்வது?

உண்மையில் நடந்தவையும் உதவும். நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம் இருக்கிறது. கூழைக்கடாக்களும் நாரைகளும் அந்த ஊர்க்காரர்களின் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். எச்சமும் இரைச்சலும் நாற்றமும் உண்டு. ஆனாலும் பறவைகள் வந்தால்தான் ஊருக்கு நல்லது என்று அவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறார்கள். 1994-இல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. ஊர்க்காரர்களின் பொறுமை அதற்கும் மூத்தது. துவைத்துக் காயப்போட்ட வெள்ளைச் சட்டையில் எச்சம் விழுந்த ஒரு சின்னப் பையனை அங்கே வைத்துக் கதையைத் தொடங்கலாம்.

2023 டிசம்பர் 17 இரவு, பெருமழையில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றது. ஏறத்தாழ 800 பயணிகள். தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையெல்லாம் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள், தங்கள் ஊரைச் சுற்றியும் தண்ணீர் நின்ற வேளையில், இருந்த அரிசியைப் போட்டுச் சமைத்து அந்த முன்பின் தெரியாதவர்களுக்குச் சோறு கொடுத்தார்கள். இதைச் சொல்லும்போது வெள்ளத்தை விடப் பானையைக் கவனியுங்கள். அடுத்த அரிசி எப்போது வரும் என்று தெரியாத ஒரு வீட்டில் இன்னொரு படி அரிசியை அளந்து போடும் அம்மாவை ஒரு பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறது. கதை அங்கே இருக்கிறது.

சிலருக்குக் காட்டுக்கதைதான் வேண்டும், அதில் சிங்கம்தான் வேண்டும். நம் களக்காடு முண்டந்துறைக் காட்டில் சிங்கம் கிடையாது. 1988-இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமான காடு அது. புலி இருக்கிறது, யானை இருக்கிறது, கரடி இருக்கிறது. சிங்கம் இல்லாமல் தீராது என்றால் சிங்கவால் குரங்கை வைத்துச் சமாளியுங்கள்.

மூன்றாம் படி: ஆட்களுக்கு முறை வையுங்கள்

கதையில் வருபவர் “ஒரு சிறுவன்”, “ஒரு மூதாட்டி” என்று இருந்தால் பிள்ளைக்கு யாரோ எவரோ. பேச்சி, இசக்கி, முருகன், மாரியம்மா என்று பெயர் வையுங்கள். ஆச்சி, பெரியப்பா, அத்தை, மதினி, அத்தான், அண்ணாச்சி என்று முறை வையுங்கள். கடைக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட்டால் அவர் கதைக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்.

வில்லி விஷயத்தில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. கொடுமைக்காரச் சித்தி, பொல்லாத மாமியார், பேராசைக்கார அத்தை, இந்த மூவரையும் பிள்ளைக் கதைகளிலிருந்து எடுத்துவிடுங்கள். கேட்கும் பிள்ளைகளில் ஒன்றுக்கு வீட்டில் உண்மையாகவே அப்பாவின் இரண்டாம் மனைவி இருப்பார், அவர்தான் அதற்குத் தலைவாரிப் பின்னிவிடுவார். அந்தப் பிள்ளை அன்றிரவு அவரை எப்படிப் பார்க்கும்? கதைக்குக் கெட்டவர் தேவையே இல்லை. பசி, அவசரம், இருட்டு, மழை, கடைசி பஸ், இவை போதும். இரண்டு நல்லவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு குடை இருந்தால் அதுவே ஒரு கதை.

இன்னொன்று, தியாகமே உருவான அம்மா. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் பட்டினி கிடந்து, அதில் மகிழும் அம்மா. இந்தக் கதை கேட்கும் பிள்ளைக்கு அம்மா பசிக்காத ஆள் என்ற எண்ணம்தான் வரும். அம்மாவுக்கும் ஆச்சிக்கும் பசிக்கட்டும், கோபம் வரட்டும், கொழுக்கட்டை மேல் ஆசை இருக்கட்டும். பிள்ளை அதைக் கண்டுபிடிக்கும் கதையாக மாற்றுங்கள்.

நான்காம் படி: முடிச்சுப் போடுங்கள்

முடிச்சுக்கு மூன்று பொருள் வேண்டும்: பிள்ளைக்கு ஆசையாக ஒன்று, அது குறைவாக இருக்க வேண்டும், அதே நேரத்தில் இன்னொருவருக்கும் அது தேவைப்பட வேண்டும். அந்த இன்னொருவர் வாய்விட்டுக் கேட்காமல் இருந்தால் கதைக்கு இன்னும் பலம். கேட்டதும் கொடுப்பது எளிது. கேட்காதவரின் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது வேறு வித்தை, பிள்ளைக்குப் பழக வேண்டியது அதுதான்.

ஆறு முதல் எட்டு வயதுக்கு நான் கட்டிய ஒரு கதை கீழே இருக்கிறது. சொல்வதற்கென்று பேச்சு வழக்கிலேயே தருகிறேன்.

ஓலைக் கொழுக்கட்டை

திருக்கார்த்திகை அன்னைக்குச் சித்தப்பா வடலியில குருத்தோலை வெட்டிக்கிட்டு வந்தாங்க. ஆச்சி அரிசி இடிச்சு, கருப்பட்டிப் பாகு காய்ச்சி, தேங்காயும் சிறுபயறும் ஏலக்காயும் போட்டுப் பிசைஞ்சா. மாவை ஓலைக்குள்ள வச்சுக் கட்டி, பானையில அடுக்கி அவிச்சா. மொத்தம் பன்னெண்டு. வீடெல்லாம் ஓலை மணம்.

ஓலையப் பிரி, ஆவி பறக்கும், ஊதி ஊதித் தின்னு!

மொதல்ல சித்தப்பா வந்தாங்க. “ஏல சின்னவனே, ரெண்டு எடுத்துக்கோ”ன்னா ஆச்சி. “ஒனக்கும்மா?” “எனக்கென்னல, நான் பொறவு தின்னுக்கிடுதேன்.” ரெண்டு போச்சு, பத்து இருக்கு. ஓலையப் பிரி, ஆவி பறக்கும், ஊதி ஊதித் தின்னு!

வயல்ல இருந்து அப்பா வந்தாங்க. ரெண்டு. “ஒனக்கும்மா?” “நான் பொறவு தின்னுக்கிடுதேன்.” எட்டு இருக்கு. பீடித் தட்டை இறக்கி வச்சிட்டு அம்மா வந்தா. ரெண்டு. “ஒங்களுக்கு அத்தை?” “நான் பொறவு தின்னுக்கிடுதேன்.” ஆறு இருக்கு. முருகன் ஓடி வந்தான், பேச்சியும் ஓடி வந்தா. ஆளுக்கு ரெண்டு. அவங்க ரெண்டு பேரும் ஒண்ணும் கேக்கல.

மிச்சம் ரெண்டு. அந்த நேரம் பாத்து அடுத்த வீட்டு மதினி கைப்பிள்ளையோட வாசல்ல வந்து நின்னா. “ஆச்சி, விளக்கேத்த கொஞ்சம் எண்ணெய் இருக்குமா?” ஆச்சி எண்ணெயும் கொடுத்தா, ரெண்டு கொழுக்கட்டையும் கொடுத்தா.

பானை காலி.

முருகன் ஒண்ணத் தின்னுட்டு ஒண்ண ஒளிச்சு வச்சான். பேச்சியும் அப்படித்தான், அரிசிப் பானைக்குப் பின்னால வச்சா. ஆறுன கொழுக்கட்டையைக் காலம்பற தின்னா இன்னும் ருசி. அது ரெண்டு பேருக்கும் தெரியும்.

ராத்திரி பேச்சி தண்ணி குடிக்க அடுக்களைக்குப் போனா. அங்க ஆச்சி உக்காந்திருக்கா. மடியில பிரிச்சுப் போட்ட ஓலைக. ஒவ்வொண்ணா எடுத்து, ஓலையில ஒட்டுன மாவை நகத்தால சுரண்டி வாயில போடுதா.

“ஆச்சி, நீ தின்னியா?”

“தின்னேன் தாயி.”

“எத்தனை?”

“எனக்குப் பல்லு எங்கட்டி இருக்கு? போய்ப் படு.”

பேச்சி விரல் விட்டு எண்ணுனா. சித்தப்பாவுக்கு ரெண்டு, அப்பாவுக்கு ரெண்டு, அம்மாவுக்கு ரெண்டு, முருகனுக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு, மதினிக்கு ரெண்டு. பன்னெண்டு முடிஞ்சு போச்சு.

அரிசிப் பானைக்குப் பின்னால கைய விட்டா. எடுத்தா. வச்சா. மறுபடி எடுத்தா. ஓலையப் பிரிச்சா. ஆவி பறக்கல. கிண்ணத்துல உதுத்துப் போட்டு, பால் ஊத்தி, விரலால மசிச்சா.

“இதுக்குப் பல்லு வேண்டாம் ஆச்சி.”

ஆச்சி ஒரு வாய் தின்னா. அடுத்த வாயைப் பேச்சிக்கு நீட்டுனா. “எனக்கு வேண்டாம், நான் தின்னேன்”ன்னா பேச்சி.

காலம்பற முருகன் வாசப்படியில உக்காந்து ஓலையப் பிரிச்சான். ஊதாமலே தின்னான். பேச்சிக்கு வாயில எச்சில் ஊறுச்சு. “ஒன்னோடது எங்கட்டி?” “தீந்து போச்சு”ன்னு சொல்லிட்டு அவ கோலப்பொடி எடுக்கப் போயிட்டா.

கதையைப் பிரித்துப் பார்த்தால்

பன்னிரண்டு என்ற எண் சும்மா வைத்ததல்ல. ஏழு வயதுப் பிள்ளை கூடவே எண்ணிக்கொண்டு வரும். நீங்கள் கணக்கில் தவறினால் உடனே பிடிக்கும். அது எண்ணுவதால்தான் ஆச்சி விட்டுப்போனதைப் பேச்சிக்கு முன்பே அது கண்டுபிடிக்கும் வாய்ப்பு இருக்கிறது. “ஆச்சிக்கு இல்லையே!” என்று நடுவில் ஒரு குரல் வந்தால் உங்கள் கதை வேலை செய்துவிட்டது. “பொறு, பேச்சி எண்ணட்டும்” என்று மட்டும் சொல்லுங்கள்.

“எடுத்தா. வச்சா. மறுபடி எடுத்தா.” இந்த இடத்தில் அவசரப்படக்கூடாது. நல்ல பிள்ளை உடனே கொடுத்துவிடும் என்று காட்டினால், கொடுக்கத் தயங்கும் நிஜப் பிள்ளை தன்னைக் கெட்டபிள்ளை என்று நினைத்துக்கொள்ளும். ஒளித்து வைத்ததற்காகப் பேச்சியை யாரும் திட்டவில்லை. முருகனையும் திட்டவில்லை. காலையில் அவளுக்கு ஆசை போகவும் இல்லை. ஆச்சி “நீதாண்டி நல்ல பிள்ளை” என்று புகழவில்லை, அப்பா புதுப் பாவாடை வாங்கித் தரவில்லை. போன கொழுக்கட்டை போனதுதான்.

உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். கொழுக்கட்டை அவிக்காத வீடென்றால் நோன்புக் கஞ்சியும் வடையும் இருக்கும், கிறிஸ்துமஸ் முறுக்கும் அச்சுமுறுக்கும் இருக்கும். எண்ணிக்கையை மட்டும் கெடுத்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பழைய கதைகளிலிருந்து கூலியை வெட்டுங்கள்

ஏற்கனவே தெரிந்த கதைகளைத் தூக்கிப்போட வேண்டாம். கடைசியில் வரும் கூலியை வெட்டினால் போதும். ஆற்றில் கோடாலி விழுந்து, தேவதை தங்கக் கோடாலியை நீட்டும் கதை எல்லோருக்கும் தெரியும். அதில் விறகுவெட்டி “இது என்னோடது இல்லை” என்று சொல்லி, தன் இரும்புக் கோடாலியை வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் இன்னும் ஒரு கட்டு வெட்ட வேண்டும் என்று போய்விடட்டும். பிள்ளை நிச்சயம் கேட்கும்: “தங்கக் கோடாலி கொடுக்கலையா?” “கொடுக்கல.” “ஏன்?” “அது அவனோடது இல்லையே.” அடுத்து வரும் மௌனத்தை நீங்கள் நிரப்பாதீர்கள்.

தண்டனையையும் அதே கத்தியால் வெட்டுங்கள். “சாமி கண்ணைக் குத்தும்” என்று பயந்து பொய் சொல்லாத பிள்ளை, சாமி குத்தவில்லை என்று ஒருநாள் தெரிந்ததும் துணிந்துவிடும். கதையில் பொய்யின் விளைவு மனிதர்கள் மேல் விழட்டும். தம்பி சொன்ன பொய்யால் அக்காவுக்குத் திட்டு விழுந்தது, அக்கா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. அது போதுமான தண்டனை.

ஆறாம் படி: சொல்லும் விதம்

நம் ஊரில் கதை கேட்பவருக்கும் வேலை உண்டு: “உம்” கொட்ட வேண்டும். “உம்” நின்றால் கேட்பவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம், அல்லது கதை தொய்ந்துவிட்டது. வில்லுப்பாட்டில் கதையை நடத்திப் பாடும் அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் “ஆமா” போடுவார். உடுக்கையும் குடமும் அந்த “ஆமா”வும் சேர்ந்துதான் கோயில் கொடைத் திருவிழாவில் விடியவிடியக் கூட்டத்தை உட்காரவைக்கிறது. வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால் வில்லுப்பாட்டு முறையைப் பிடியுங்கள். ஒரு வரிசைக்கு “ஆமா”, இன்னொரு வரிசைக்கு “ஓலையப் பிரி” வரி, கடைசி வரிசைக்குத் தாளம். பின்வரிசைக் குறும்புக்காரர்களுக்குத் தாளத்தைக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

வீட்டிலென்றால் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லுங்கள். முகம் தெரியாதபோது பிள்ளை தைரியமாகக் கேள்வி கேட்கும். முக்கியமான இடத்தில் குரலை உயர்த்தாமல் தாழ்த்துங்கள். பேச்சு நம் பேச்சாகவே இருக்கட்டும். “பாட்டி உண்டாயா?” என்று எந்தப் பேத்தி கேட்கிறாள்? சென்னையில் வளரும் பேரப்பிள்ளைக்குப் போனில் சொல்லும் ஆச்சிமாரும் தங்கள் பேச்சிலேயே சொல்லலாம். “பொறவு”, “அங்கணம்”, “வடலி” எல்லாம் பிள்ளைக்குக் கதையின் போக்கிலேயே விளங்கிவிடும். விளங்காவிட்டால் அது கேட்கும்.

ஒரே கதையைப் பத்துத் தடவை கேட்டால் சலிக்காமல் பத்துத் தடவையும் சொல்லுங்கள்.

ஏழாம் படி: கதை முடிந்த பிறகு

“இந்தக் கதையிலிருந்து என்ன தெரியுது?” என்ற கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். அதற்கு விடை எப்போதும் “நல்ல பிள்ளையா இருக்கணும்” என்பதுதான். சொல்லும் பிள்ளைக்கும் அது விளங்காது, கேட்கும் உங்களுக்கும் பயன்படாது. “அப்போ நீயும் பேச்சி மாதிரி தம்பிக்குக் கொடு” என்று சொல்லிவிட்டால் அடுத்த கதைக்கு ஆள் வராது.

கேட்பதென்றால் கதைக்குள்ளேயே நின்று கேளுங்கள். பேச்சி ஏன் முருகனிடம் உண்மையைச் சொல்லவில்லை? ஆச்சிக்குப் பல் இல்லாதது உண்மையா, சாக்கா? அந்த மதினிக்கு இரண்டு கொடுத்தது சரியா? கடைசிக் கேள்விக்குச் சில பிள்ளைகள் “சரியில்லை, ஒண்ணு கொடுத்திருக்கலாம்” என்பார்கள். அது நல்ல விடை. ஆச்சி தன்னையும் ஓர் ஆளாக எண்ணியிருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்கிறது. முருகன் பாதி தரும்படி கதையை மாற்ற வேண்டும் என்று ஒருத்தி அடம்பிடித்தால் மாற்றவிடுங்கள். கதை இனி அவளுடையது.

எட்டாம் படி: வாசலைத் தாண்டுங்கள்

இது பெரியவர்களுக்குச் சங்கடமான படி. குடும்பக் கதைகளில் ஒரு பொறி இருக்கிறது: “நம்ம ஆளுக” என்பதோடு அன்பு நின்றுவிடும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பையன்கள். அதையொட்டி அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளில் சாதி காட்டும் வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யப் பரிந்துரைத்தது. கையில் கயிறு ஏறுவதற்குப் பல வருடம் முன்பே அந்தப் பிள்ளைகளும் யாரோ ஒருவர் மடியில் படுத்துக் கதை கேட்டிருப்பார்கள்.

ஆகவே உங்கள் கதைகளில் யார் வீட்டில் யார் தண்ணீர் குடிக்கிறார்கள் என்று கவனியுங்கள். பேச்சி எந்தத் தெரு என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அவள் மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும், மேலப்பாளையத்து முஸ்லிம் தோழி வீட்டிலும், கோயில் பக்கத்திலும் வேதக்கோயில் என்று நாம் சொல்லும் சர்ச் பக்கத்திலும் சும்மா போய்வந்துகொண்டிருக்க வேண்டும். ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைக்க வேண்டும். அதைப் பெரிய புரட்சியாகக் காட்டாதீர்கள், கதையின் போக்கில் நடந்துவிட்டுப் போகட்டும். கேட்டுக்கொண்டிருக்கும் பெரியப்பா தொண்டையைச் செருமினால் செருமட்டும்.

இரக்கக் கதைகளில் இன்னொரு தொந்தரவு உண்டு. உடல் குறையுள்ள பிள்ளையைப் பாவம் என்று காட்டி, மற்றவர் உதவுவதாகவே எழுதுவது. பாளையங்கோட்டையில் காது கேளாதோர் பள்ளி 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே நடக்கிறது. கைகளால் வேகமாகப் பேசிச் சிரித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்த ஊர் அது. அப்படி ஒரு பையனைக் கதையில் வைத்தால் அவன்தான் மற்றவர்களுக்கு எதையாவது கற்றுத்தரட்டும். சத்தம் போட முடியாத இடத்தில் கைமொழி தெரிந்தவன்தானே கெட்டிக்காரன்? அவன் கொஞ்சம் குறும்பும் செய்யட்டும்.

ஒன்பதாம் படி: எழுதியும் பதிந்தும் வையுங்கள்

நன்றாக ஓடிய கதையை அன்றே எழுதிவையுங்கள். எழுதும்போது கதை சொல்பவரின் வரிகளை எளிய பொது நடைக்கு மாற்றலாம், ஆட்கள் பேசுவதை மட்டும் தொடாதீர்கள். சின்னப் பிள்ளைகள் தாங்களே வாசிக்க வேண்டுமென்றால் ஒரு வரிக்கு ஐந்தாறு சொல், ஒரு பக்கத்துக்கு மூன்று நான்கு வரி. படத்தைப் பிள்ளைகளையே வரையச் சொல்லுங்கள். கொழுக்கட்டையைக் காட்டிலும் பெரிதாக ஆச்சியை வரைகிறார்களா, சின்னதாகவா என்று பார்ப்பது எனக்குப் பிடித்த வேடிக்கை.

ஆச்சியின் கதைகளைப் போனில் பதிவு செய்வதென்றால் மின்விசிறியை நிறுத்துங்கள், போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டாமல் பக்கத்தில் தலையணை மேல் வையுங்கள். “ஆச்சி, ஒரு கதை சொல்லுங்க” என்றால் “எனக்கென்ன கதை தெரியும்” என்பார்கள். “ஒங்க சின்ன வயசுல கார்த்திகைக்கு என்ன செய்வீங்க?” என்று கேட்டால் நிற்காது. உம் கொட்ட ஒரு பேரப்பிள்ளை பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும், போனைப் பார்த்து அவர்களுக்குக் கதை வராது. பதிவுக்குப் பெயர் வைக்கும்போது சொன்னவர், ஊர், தேதி மூன்றையும் எழுதி, வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காமல் இன்னோர் இடத்திலும் ஒரு நகல் போட்டுவையுங்கள். போன் மாறும்போது முதலில் போவது அந்தக் குரல் பதிவுகள்தான்.